நீர்க்கோட்டுக்குக் கீழே

கிளைப்பேதா துறைமுகத்தில்
கப்பலின் அடிவயிற்றுக்குச் சிவப்பு அடிப்பது என் வேலை.
நீர்க்கோட்டுக்குக் கீழே மட்டும்.
மேலே, பெயர் எழுதுகிற இடமும் வெள்ளைப் பட்டையும்
வேறு ஆட்களுக்கு.
அவர்களுக்குச் சம்பளமும் கொஞ்சம் அதிகம்.

நான் பூசுவதைப் பார்ப்பவை
மீன்கள், சிப்பிகள், அப்புறம்
ஒட்ட வந்து ஒட்ட முடியாமல் போகிற பாசி.
அந்தப் பெயிண்டில் விஷம் கலந்திருக்கிறது.
ரசிகர்களைக் கொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம் என்று சொன்னால்
ஜிவிலே முகமூடிக்குள் சிரிப்பாள்.
கண் மட்டும் தெரியும்.

சாம்பல் பூச்சு காய்ந்தபின்
சிவப்பைக் கலக்கி மேலே கொண்டுவர
இருபது நிமிடம் ஆகும்.
அதற்குள் மார்க்கரால் ஏதாவது வரைந்துவிடுவேன்:
ஜிவிலேயின் முழங்கை,
கிரேன்காரனின் மதியச் சாப்பாடு,
படகுத்துறைக் கம்பத்தில் ஒற்றைக் காலில் தூங்கும் கடற்பறவை.
பிறகு நானே அதன்மேல் சிவப்பு அடிப்பேன்.
இதுவரை முப்பத்தொன்று.
ஒன்று இப்போது சூயஸைத் தாண்டியிருக்கலாம்.
ஒன்று சான்டோஸில் காப்பி ஏற்றிக்கொண்டிருக்கலாம்.
கண்காட்சி என்றால் இதுவும் கண்காட்சிதான்,
கதவு மட்டும் இல்லை.

வில்னியூஸ் கலைப் பள்ளியில் மூன்று படம் கேட்கிறார்கள்.
கூடவே ஒரு பக்கம்:
ஏன் வரைகிறீர்கள், எதை நோக்கி.
மூன்று வாரமாக அந்தப் பக்கம்
ஃப்ரிட்ஜ் கதவில், பல் டாக்டர் சீட்டுக்கு அடியில்.
‘சிறுவயது முதலே’ என்று தொடங்கி அடித்துவிட்டேன்.
பொய். இருபத்தாறு வயதில் தொடங்கியது.

ஒரு பிப்ரவரி. மைனஸ் பதினான்கு.
கிந்தவுதஸ் வெல்டிங் செய்துகொண்டிருந்தான்.
அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது,
பார்த்தால் இரவெல்லாம் கண்ணுக்குள் மணல் அரிக்கும்.
எல்லோரையும்போல் முகத்தைத் திருப்பினேன்.
திருப்பிய பக்கம்,
இரும்புச் சுவரில், மிதிபட்ட பனியில்,
என் சொந்தக் கையுறையில்
அது வந்து விழுந்துகொண்டிருந்தது.
பார்க்கக் கூடாத ஒன்று
எதன்மேல் விழுகிறதோ அதைப் பார்க்கலாம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
அன்று மாலை மார்க்கர் வாங்கினேன். இரண்டு யூரோ.
அந்த வாரமே முதல் படம்: கிந்தவுதஸ்.

மற்றதெல்லாம் கை பழக.
வரைய வேண்டியது அவன் இல்லை, அவன்மேல் விழுந்தது.
வீட்டுச் சமையலறையில் நாற்பது தாள் கிடக்கிறது.
முகமூடி, பொறி, குனிந்த முதுகு.
நீலம் வெறும் நீலமாகவே நிற்கிறது.
கேஸ் அடுப்பு விளம்பரம் மாதிரி என்றாள் ஜிவிலே.
கோபம் வந்தது. சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கப்பல் திரும்பி வந்தது.
பெயர் மாறியிருந்தது, கொடியும்.
அடிவயிறு பொய் சொல்லாது,
ஒட்டுப்போட்ட தழும்பை வைத்துக் கண்டுபிடித்தேன்.
தண்ணீர்க் குழாயை நானே கேட்டு வாங்கினேன்.
சிப்பி உதிர்ந்தது.
ஐந்து வருடத்துச் சிவப்பு பாளம் பாளமாய் உரிந்தது.
கை அகலத்துக்குச் சாம்பல் நிறம்.
அதில்
ஒரு காது.

முகம் இல்லை, பொறி இல்லை, முதுகு இல்லை.
முகமூடிக்கும் தொப்பிக்கும் நடுவே
அவசரத்தில் நாலு கோடாய்ப் போட்டு
நான் மறந்தே போயிருந்த காது.
ஒளி அங்கேதான் விழுந்திருந்தது.
அழுத்தத்தைக் குறைப்பதற்குள் அதுவும் போய்விட்டது.
வெறும் இரும்பு, ஈரமாக.
‘என்ன நின்னுட்டே?’ என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள்.

இன்று இரவு ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து
எழுதினேன்:
ஒரு காதைச் சரியாக வரைய வேண்டும்.
படித்துப் பார்த்தேன்.
போதாதுபோல் இருந்தது.

‘இடது’ என்று சேர்த்தேன்.